‘உடம்பு பழகிடும்’ என்கிறார்கள், பழகுமா? சுற்றுப்பயணத்தில் இருக்கும் ஒரு டிரம்மருக்குப் பதில்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் இந்த வாசகருக்கு வயது 31. நால்வர் கொண்ட ஒரு ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். குழுவோடு ஒரு சவுண்ட் இன்ஜினியரும் வருகிறார். ஐந்து பேரும் ஒரே வேனில், பின்னால் டிரெய்லரில் கருவிகள். 38 நாளில் 30 நிகழ்ச்சி என்ற கணக்கில் கிளம்பியிருக்கிறார்கள். கடிதம் எழுதிய அன்று 17 முடிந்திருந்தன.

மேடையில் இருப்பது 75 நிமிடம்தான் என்கிறார். இரவு 11 மணிக்கு இறங்கினால், கருவிகளைப் பிரித்து ஏற்றி முடிக்க 1 மணி ஆகிவிடுகிறது. அறை வாடகையை மிச்சம் பிடிக்க அப்போதே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வேனை இவரும் கிட்டாரிஸ்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டுகிறார்கள். ஓட்டும் நாளில் இவருக்கு 4 மணி நேரம்கூடத் தூக்கம் இல்லை. ஓட்டாத நாளில் மூன்று பீர் குடித்துவிட்டுப் பின் இருக்கையில் படுக்கிறார். அதிலும் தூக்கம் வராமல், நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையை இரண்டு இரவு போட்டிருக்கிறார். விடிகாலையில் கிட்டாரிஸ்ட் களைத்துப்போகும்போது மிச்ச தூரத்தை ஓட்டுவது இவர்தான். போன வாரம் ஓர் இரவு 4 மணிக்கு, சாலையோரத்தில் வெட்டியிருக்கும் வரிகளில் டயர் ஏறி ‘டர்ர்’ என்று அதிர்ந்த பிறகுதான் நினைவு வந்ததாம். அதற்கு முந்தைய சில கிலோமீட்டர்கள் நினைவிலேயே இல்லை.

இடது காதில் ஐந்து நாளாக விடாத இரைச்சல். காலையில் எழும்போது வலது கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. மேடை ஏறும் முன் இரண்டு வலி மாத்திரை. ஒரு கேபிளுக்காகப் பாடகரிடம் கத்தியிருக்கிறார், பிறகு கழிப்பறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். “எல்லா பேண்டும் இப்படித்தான், உடம்பு பழகிடும்” என்பது பாடகரின் பதில். அவர் கேட்பவை நான்கு: உடம்பு பழகுமா? தூக்க மாத்திரையைத் தொடரலாமா? பயணம் முடிந்தால் காது சரியாகிவிடுமா? இதைப் பேசினால் குழுவைக் கைவிடுகிறவன் ஆகிவிடுவேனா, பேசாமல் விலகிவிடலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் காத்திருக்காது. இன்றிரவு முதல் நீங்கள் இரவில் வண்டி ஓட்டக் கூடாது. நாளையோ மறுநாளோ, எந்த ஊரில் இருந்தாலும் சரி, காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் இடது காதைக் காட்டியாக வேண்டும். மற்றவற்றை இந்தப் பதிலை நிதானமாகப் படித்துவிட்டுச் செய்யலாம். இந்த இரண்டுக்கும் அந்த அவகாசம் கிடையாது.

பழகுவது எது, பழகாதது எது

பாடகர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தூக்கம் குறைந்தால் முதல் சில நாட்கள் கண் எரியும், தலை கனக்கும். பிறகு அந்த உணர்வு மட்டுப்பட்டுவிடும். ‘பழகிவிட்டது’ என்று தோன்றுவது அப்போதுதான். ஆனால் பழகியது உணர்வு மட்டும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், 14 நாட்கள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரமோ 4 மணி நேரமோ மட்டும் தூங்கவிட்டு ஆட்களைச் சோதித்தார்கள். அவர்களுடைய கவனமும் எதிர்வினை வேகமும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போய், ஒன்றிரண்டு இரவுகள் முற்றிலும் கண் விழித்தவர்களின் நிலைக்கு வந்தன. அவர்களோ, தாங்கள் அவ்வளவு மோசமாக இருப்பதாகவே உணரவில்லை. நீங்கள் மூன்றாவது வாரத்தைக் கடந்திருக்கிறீர்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை, ஓட்டிவிடுவேன்’ என்று உங்கள் மனம் சொல்வதை இப்போது நம்புவதற்கில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம். 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதத்துக்குச் சமம். காலை 9 மணிக்கு எழுந்த நீங்கள் மறுநாள் அதிகாலை 4 மணிக்கு 19 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். அதுவும் உடலின் கடிகாரம் எல்லோரையும் கீழே இழுக்கும் நேரம், இரவு 2 முதல் 6 வரை. அன்று உங்களுக்கு நேர்ந்ததை ‘கண் அசந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சில நொடிகள் நீளும் குறுந்தூக்கம். கண் திறந்தபடியேகூட வரும், மன உறுதியால் தடுக்க முடியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடி என்றால் வண்டி 100 மீட்டர் போயிருக்கும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் அந்தச் சில நிமிடங்களுக்குத் தெம்பாகத் தோன்றச் செய்யும். தூக்கத்தை அவை குறைப்பதில்லை.

மெட்டாலிக்கா குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் க்ளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர் 27 அதிகாலையில் ஸ்வீடனில் குழுவின் பஸ் கவிழ்ந்து இறந்தார். படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு வயது 24. அந்த விபத்தின் காரணம் பற்றி இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இங்கே அதைச் சொல்வது, தூங்குகிறவர்களைப் பற்றி நினைவூட்டத்தான். படுக்கை வசதியுள்ள பஸ்களில், திடீரென்று பிரேக் போட்டால் தலை போய் மோதாமல் இருக்க, கால் வண்டியின் முன்பக்கம் இருக்கும்படி படுப்பது வழக்கம். உங்கள் வேனில் பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் நீட்டிப் படுக்கிறீர்கள். ஓடும் வண்டியில் சாய்ந்து தூங்குங்கள், பெல்ட்டோடு தூங்குங்கள். இருக்கைக்குப் பின்னால் சிம்பல் (தாளத்தட்டு) பையையோ ஆம்ப்பையோ (கிட்டார் ஒலிபெருக்கி) கட்டாமல் வைத்திருந்தால் அதை டிரெய்லருக்கு மாற்றுங்கள்.

இரவுப் பயணத்தை எப்படி நிறுத்துவது

‘காசு இல்லை’ என்பதுதான் இதற்கு வரும் முதல் பதில் என்று தெரியும். அதனால் நாளின் கணக்கைப் பார்ப்போம். நிகழ்ச்சி முடிந்த ஊரிலேயே தூங்கி, காலை 10 மணிக்குக் கிளம்பினால், டிரெய்லர் இழுக்கும் வேன் நிறுத்தங்களையும் சேர்த்து 5 மணி நேரத்தில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் போகும். 3 மணிக்கு அரங்கில் இறங்கிவிடலாம், சவுண்ட்செக்குக்கு, அதாவது நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்க, அது போதும். ஆகவே மிச்சமிருக்கும் ஊர்களைத் தாளில் எழுதி, ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறியுங்கள். 350க்குக் கீழே இருப்பவற்றுக்கு இரவுப் பயணமே தேவையில்லை. பெரும்பாலான பயணத் திட்டங்களில், நெருக்கடி தருகிற நீண்ட தாண்டல்கள் இரண்டு மூன்றுதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் வெளியாள் ஓட்டுநர் ஒருவரைப் பேசுங்கள். அவர் அன்று பிற்பகலும் மாலையும் தூங்கியிருக்க வேண்டும், கருவி தூக்கியிருக்கக் கூடாது. சவுண்ட் இன்ஜினியரை அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். அவரும் உங்களோடு காலையிலிருந்து விழித்திருப்பவர்தான்.

ஐரோப்பாவில் பஸ், லாரி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு இது: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. உங்கள் வேன் சிறியது என்பதால் அந்தச் சட்டம் உங்களைக் கட்டாமல் போகலாம். ஆனால் வேறு வேலையே செய்யாமல் ஓட்டுகிறவருக்கே அவ்வளவுதான் என்றால், 75 நிமிடம் டிரம்ஸ் அடித்துவிட்டு ஏறுகிறவருக்கு எவ்வளவு என்று குழுவிடம் கேளுங்கள். பேசும்போது கைகொடுக்கும் அளவுகோல் இது.

அறைச் செலவை நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் பேசிப் பார்ப்பதில் தவறே இல்லை. சம்பளத்தில் சிறு தொகையைக் குறைத்துக்கொண்டு இரண்டு அறை கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். அவர்களுக்கு உள்ளூரில் அது மலிவாகக் கிடைக்கும். மேலும், அன்று அதே மேடையில் வாசிக்கும் வேறு குழுவோ அரங்கமோ வைத்திருக்கும் டிரம் கிட்டைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று ஒவ்வொரு ஊருக்கும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஸ்னேர் என்ற சிறு டிரம், சிம்பல்கள், பெரிய கிக் டிரம்மை அடிக்கும் கிக் பெடல், குச்சிகள், இவை மட்டும் உங்களுடையவை. இப்படி ஏற்றும்போதும் இறக்கும்போதும் மிச்சமாகும் நேரம் நேராகத் தூக்கத்தில் சேரும். முதலில் இறக்குவதும் கடைசியில் ஏற்றுவதும் எப்போதும் டிரம்மர்தான். அதனால் டி-ஷர்ட் விற்கும் மேஜையில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பீர், மாத்திரை, விடிகாலை

கடிதத்தில் என்னை மிகவும் பதறவைத்த இடம் இது. ஓட்டாத நாளை நீங்கள் ஓய்வு நாளாக நினைக்கிறீர்கள். ஆனால் இரவு 2 மணிக்கு பீரின் மேல் மாத்திரை போட்டவர் விடிகாலை 6 மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கிறார். தூக்க மாத்திரைகளில் பரவலாகத் தரப்படும் சோல்பிடெம் போன்றவற்றை, குறைந்தது 7 முதல் 8 மணி நேரம் படுக்கையில் இருக்க முடிந்தால் மட்டுமே போட வேண்டும். விழித்துவிட்டதாகத் தோன்றினாலும் மருந்து உடலில் இருக்கும். தூக்கத்திலேயே நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற செயல்கள் நேர்ந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் இந்த வகை மருந்துகளின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. மதுவோடு சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும், மூச்சும் தளரும். உங்களுக்குக் கிடைத்தது எந்த மாத்திரை என்பதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. மீதி இருப்பதை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பீர் தூங்க வைக்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், பிறகு இரவின் பின்பாதியைக் குலைத்துவிடும். குறட்டை கூடும், சிறுநீருக்காக எழுந்திருப்பீர்கள், கனவு காணும் தூக்கம் குறையும். நிகழ்ச்சி முடிந்ததும் தூக்கம் வராமல் இருப்பது நோய் இல்லை. டிரம்ஸ் வாசிப்பது ஓட்டப்பந்தயத்துக்கு இணையான உழைப்பு. ப்ளாண்டி குழுவின் டிரம்மராக இருந்த க்ளெம் பர்க்கை வைத்து இங்கிலாந்தில் நடத்திய ஆய்வில், கச்சேரியின்போது அவருடைய இதயம் சராசரியாக நிமிடத்துக்கு 140 முதல் 150 முறை துடித்தது, உச்சத்தில் 190ஐத் தொட்டது. அந்த வேகத்திலிருந்து உடல் இறங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டும்.

அந்த இறக்கத்தை நீங்களே ஒழுங்குபடுத்தலாம். மேடையிலிருந்து இறங்கியதும் உட்காராமல் 10 நிமிடம் மெதுவாக நடங்கள். நனைந்த சட்டையை உடனே மாற்றுங்கள். அரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பு சேர்ந்த உணவு. வெந்நீரில் குளிக்க வசதி இருந்தால் குளியுங்கள், அதன் பிறகு உடல் வெப்பம் இறங்கும்போது தூக்கம் வரும். கடைசி காபி சவுண்ட்செக்கோடு முடியட்டும். காஃபினில் பாதி உடலைவிட்டுப் போக ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். 500 மில்லி எனர்ஜி டிரிங்க் கேனில் பொதுவாக 160 மில்லிகிராம் இருக்கும். மேடைக்கு அரை மணி முன் அதைக் குடித்துவிட்டு இரவு 2 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

முக்கியமாக, வீட்டில் இருப்பவரைப் போல 11 மணிக்குத் தூங்க ஆசைப்படாதீர்கள். இந்தத் தொழிலின் இரவு 2 மணிக்குத்தான் தொடங்குகிறது. 2 முதல் 9.30 வரை என்று ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு, நிகழ்ச்சி இல்லாத நாளிலும் அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர்த்தாதீர்கள். கண்ணுக்குப் பட்டை, காதுக்கு ஃபோம் அடைப்பான். சவுண்ட்செக்குக்கும் கதவு திறப்பதற்கும் நடுவில் 20 நிமிடம் படுங்கள். 20க்கு மேல் போனால் எழும்போது மந்தமாக இருக்கும்.

இடது காது

‘முன்பெல்லாம் காலையில் போய்விடும், இந்த முறை போகவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாற்றம்தான் அபாய மணி. நிகழ்ச்சிக்குப் பிறகு காது அடைத்து இரைவது, உள்காதின் நுண்ணிய செல்கள் அளவுக்கு மீறிச் சோர்ந்துவிட்டதற்கு அடையாளம். ஒரு நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் அது தணிய வேண்டும். ஐந்து நாள் ஒரே காதில் நிற்கிறது என்றால் பரிசோதனை கட்டாயம். கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சை தருவார்கள். அதற்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல காலம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்கள் கடிதம் வந்து சேர்ந்து இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பயணம் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பே மூடிவிடும். ‘பயணம் முடிந்தால் சரியாகிவிடுமா’ என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: சரியாகலாம், ஆகாமலும் போகலாம். எது என்பதைச் சொல்ல ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது இவற்றைச் சொல்லுங்கள்: எந்த நாளில் தொடங்கியது, ஒரு காதா இரண்டா, கேட்பது குறைந்ததா, தலை சுற்றியதா, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள். சோதனையில் 3000, 4000, 6000 ஹெர்ட்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சத்தத்தால் வரும் பழுது அந்த வட்டாரத்தில்தான் முதலில் பள்ளமாகத் தெரியும். முடிவு வரும்வரை அடைப்பான் இல்லாமல் ஒரு சவுண்ட்செக்கூட வேண்டாம். கேட்கும் திறன் குறைந்திருப்பதாகச் சொன்னால் அன்றைய நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள்.

ஏன் இடது காது? வலக்கைக்காரரான உங்களுக்கு ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) இடப்பக்கம், ஸ்னேரும் அந்தப் பக்கம், மானிட்டர் ஸ்பீக்கரும் அங்கேதான் இருக்கிறது என்கிறீர்கள். அதற்கு மேல், இன்-இயர் மானிட்டரை (வாசிப்பைக் காதுக்குள்ளேயே கேட்கவைக்கும் கருவி) வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு இடதைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், ரசிகர்களின் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக. மேடையில் மிகப் பரவலான தவறு இது. திறந்த காது மேடையின் முழுச் சத்தத்தையும் வாங்குகிறது. மாட்டிய காதிலோ, இரண்டு காதும் சேர்ந்து தரும் நிறைவு இல்லாததால் சத்தத்தைச் சில டெசிபல் கூட்டிவிடுகிறீர்கள். இரண்டும் கெடுகின்றன. ரசிகர்களின் சத்தம் வேண்டுமானால் மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் வைத்து அதை உங்கள் இன்-இயரில் கலந்து தரச் சொல்லுங்கள். உங்கள் சவுண்ட் இன்ஜினியருக்கு அது 10 நிமிட வேலை. கிக் டிரம்மின் அடி உடலில் உறைக்கவில்லை என்பதுதான் குறை என்றால், ஸ்டூலுக்கு அடியில் திருகிவிடும் அதிர்வுக் கருவி இருக்கிறது. அதை உட்கார்ந்த இடத்தில் உணர்வீர்கள், காதில் ஏற்ற வேண்டியதில்லை. டிரம்ஸைச் சுற்றி வைக்கும் கண்ணாடித் தடுப்பு மற்றவர்களைத்தான் காப்பாற்றும். உங்கள் சத்தத்தை உங்கள் மீதே திருப்பி அனுப்பும்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். தொழிலிடச் சத்தத்துக்குப் பரிந்துரைக்கும் கணக்கில் 85 டெசிபல் என்றால் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் வரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம், 103இல் ஏழரை நிமிடம். உங்கள் இருக்கையில் சராசரி 103 என்று வைத்துக்கொண்டால், 75 நிமிட நிகழ்ச்சியில் காது வாங்குவது பத்து நாளுக்கு உரிய அளவு. அதையே 15 டெசிபல் குறைக்கும் அடைப்பானோடு வாசித்தால் காதுக்கு வருவது 88. அந்த அளவில் 4 மணி நேரம் இருக்கலாம்.

ஃபோம் அடைப்பான் மலிவு, ஆனால் உயர் சுரங்களை அதிகமாக வெட்டி எல்லாவற்றையும் மந்தமாக்கும். அதனால்தான் வாசிப்பவர்கள் பாதியில் கழற்றிவிடுகிறார்கள். காதின் அச்செடுத்துச் செய்யும், 9, 15, 25 டெசிபல் வடிகட்டி மாற்றக்கூடிய அடைப்பான்கள் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாழ்த்தும். டிரம்மருக்கு 15 போதாமல் போகலாம், 25ஐக் கேளுங்கள். அச்சு வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் அதுவரை ஃபோம்தான் கதி. அதையும் சரியாக வையுங்கள்: மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, அது விரிந்து அடைக்கும்வரை 30 நொடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது காதணிதான்.

ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், கேட்கும் திறனை முழுவதும் இழக்க நேரலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால், 2016இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே நிறுத்தினார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் மேடை ஏறினார். நிறுத்துவது முடிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கையும் வலி மாத்திரையும்

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை தூக்கத்தில் மரத்துப்போவது, மணிக்கட்டில் நடு நரம்பு அழுந்துவதன் சாயல். நீங்கள் நினைப்பதுபோல் ‘ரத்த ஓட்டம்’ இல்லை. தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். பலருக்குச் சில வாரங்களில் தணியும். பகலிலும் மரத்தால், அல்லது குச்சி கையிலிருந்து நழுவ ஆரம்பித்தால், நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

காதுக்கும் கைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. தன் சத்தம் தனக்குச் சரியாகக் கேட்காதவர் குச்சியை இறுக்கிப் பிடித்து ஓங்கி அடிப்பார். மானிட்டரில் உங்கள் ஸ்னேர் தெளிவாக வந்தாலே பிடி தளரும். ஸ்டூலின் உயரம் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும்படி இருக்கட்டும். பகிர்ந்த கிட்டில் ஒவ்வோர் ஊரிலும் இது மாறும், ஸ்டூல் தண்டில் ஒரு டேப் ஒட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடைக்கு முன் 15 நிமிடம் பயிற்சிப் பலகையில் மெதுவாகத் தொடங்கி வேகத்துக்கு வாருங்கள். பெட்டிகளை இழுக்கச் சக்கரம், தூக்க இரண்டு பேர்.

வலி மாத்திரையை மேடைக்கு முன் போடுவது, எச்சரிக்கும் குரலின் வாயைப் பொத்துவது. ஐப்யூப்ரூஃபன் என்றால், மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நாளுக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உணவோடு மட்டும், தொடர்ந்து சில நாட்களுக்கு மேல் வேண்டாம். வியர்த்து வறண்ட உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கும், மதுவோடு வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். இந்த வகை மாத்திரைகள், குறிப்பாக அதிக அளவில் ஆஸ்பிரின், காது இரைச்சலையே உண்டாக்கக்கூடியவை. காது மருத்துவரிடம் மாத்திரைகளைச் சொல்லச் சொன்னது இதனால்தான்.

உங்கள் பாடகருக்கும் ஒரு வார்த்தை. குரல் கம்மியிருக்கிறது, தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாயைச் சப்பிக்கொண்டு பாடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வலி தெரியாமல் பாடுவது குரல் நாண்களில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகலாம். கிசுகிசுப்பது ஓய்வு ஆகாது, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. ஏரோஸ்மித் குழுவின் ஸ்டீவன் டைலர் 2023 செப்டம்பரில் ஒரு நிகழ்ச்சியில் குரலில் காயப்பட்டார். அது மீளவில்லை என்று 2024 ஆகஸ்டில் குழு சுற்றுப்பயணங்களையே நிறுத்தியது. உடம்பு எப்போதும் பழகிவிடாது என்பதை அவரும் அறிந்திருப்பது நல்லது.

அழுகை

மூன்று வாரம் சரியாகத் தூங்காத எவருக்கும் அழுகை வரும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். அதனால் இப்போதே இதற்கு ஒரு நோயின் பெயரைச் சூட்ட மாட்டேன். ஏழெட்டு இரவு ஒழுங்காகத் தூங்கிய பிறகும் இந்தக் கனம் நீங்கவில்லை என்றால், எதிலும் பிடிப்பில்லை என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். தொலைபேசியிலும் காணொளியிலும் பார்க்கிறார்கள், ஊர் ஊராகச் செல்பவருக்கு அதுவே வசதி. சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அன்றே, அப்போதே, வேனில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்ற உங்கள் வரியை இரண்டு முறை படித்தேன். தினமும் இரவு 10.30க்கு உச்சம் தொட்ட உடல், வீட்டில் அந்த நேரத்துக்கு அமைதியாக உட்கார முடியாமல் தவிக்கும். பயணம் முடிந்த வாரத்தில் வரும் வெறுமை இசைக்கலைஞர்களிடம் மிகச் சாதாரணம். முதல் மூன்று நாள் எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்காம் நாள் முதல் மாலையில் வெளியே நடப்பதுபோல் ஏதாவது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் ‘வந்ததும் கொஞ்ச நாள் பேச்சில்லாமல் இருப்பேன், உங்கள் மேல் கோபமில்லை’ என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

குழுவிடம் பேசுவது

விலகுவதா என்ற முடிவை இப்போது எடுக்காதீர்கள். தூக்கம் கெட்ட மூளை எல்லாவற்றையும் ‘இருக்கணும், போகணும்’ என்று இரண்டாகத்தான் பார்க்கும். பயணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து யோசியுங்கள். ஆனால் பேச வேண்டியதை இந்த வாரமே பேசுங்கள். வேனுக்குள் வேண்டாம், நிகழ்ச்சி முடிந்த இரவும் வேண்டாம். ஓய்வு நாள் காலையில், எல்லோரும் சாப்பிட்ட பிறகு. களைப்பைப் பற்றிப் பேசினால் ‘எங்களுக்கும்தான்’ என்ற பதில் வரும். அதனால் டயர் வரியில் ஏறிய அந்த இரவைப் பற்றிப் பேசுங்கள். அதை அவர்களிடம் மறைத்திருக்கிறீர்கள். பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. “நான் விலகலை. ராத்திரி வண்டி ஓட்டுறதை மட்டும் நிறுத்தணும், கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருக்கேன்” என்று தொடங்கி, தூரங்கள் எழுதிய தாளை மேஜையில் வையுங்கள். இதை முதலில் கிட்டாரிஸ்ட்டிடம் தனியாகப் பேசுங்கள். அவரும் அதே இருக்கையில்தான் உட்காருகிறார், அவருக்கும் இப்படி ஓர் இரவு நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியை விட நேர்ந்தால் பயப்படாதீர்கள், ஆனால் காகிதங்களைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் உடல்நலக் குறைவு பற்றிய பிரிவு இருக்கிறதா, மருத்துவச் சான்றை எத்தனை நாளுக்குள் தர வேண்டும், ரத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தால் ஏற்கெனவே இருக்கும் நோய் பற்றி அது என்ன சொல்கிறது, இவற்றை ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். வாடகை வேன் என்றால், காப்பீட்டில் ஓட்டுநராகப் பெயர் உள்ளவர் மட்டுமே ஓட்டலாம். வெளியாள் ஓட்டுநரைச் சேர்க்கும் முன் அந்தப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

ஆடியோகிராம் எடுத்ததும் அதன் நகலைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பயணம் முடிந்து, சத்தமே இல்லாத இரண்டு நாட்களுக்குப் பிறகு இன்னொன்று எடுத்து, இரண்டையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த பயணத்துக்கான தேதிகளை அதன் பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.